கொடிமலையில் கண்ட பிறை

786

பினாங்கு, கொடிமலை,
1913-ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் 14-ஆம் தேதி.

என் பிரியமுள்ள மனைவி சித்தி ஹாஜராவுக்கு, உன் மச்சான் மீரா சாகிப் ஆயிரம் ஸலாம் சொல்லி எழுதிக்கொள்வது. ஆண்டவன் காவலில் என் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. அங்கே உன் சுகத்துக்கு எழுதவும் என்று வழக்கம்போல எழுதத்தான் கை போயிற்று. ஆனால் இந்தக் கடிதத்தைப் பிரிக்கும்போது உன் மனம் எப்படி இருக்கும் என்பது எனக்குத் தெரியும். அதனால் சுகம் விசாரிக்கிற யோக்கியதை இன்றைக்கு எனக்கு இல்லை.

மேலே இங்கிலீஷ் தேதி மட்டும் போட்டிருக்கிறேன், கவனித்திருப்பாய். பிறைத் தேதி போடாமல் உனக்கு நான் ஒரு கடிதமும் எழுதியதில்லை. என் கணக்குப்படி இன்று ஷவ்வால் பிறை பதின்மூன்று. சூலியா தெருத் தையற்காரர் ஹபீப் முகம்மதுவின் கணக்குப்படி பன்னிரண்டு. எது சரி என்று எனக்கே தெரியாதபோது எதைப் போடுவது?

நான் வரவில்லை. பெருநாள் தொழுகை முடிந்த கையோடு கப்பல் ஏறுகிறேன் என்று உறுதியாக எழுதியிருந்தேன். இந்தத் தடவையும் வராவிட்டால் இனிமேல் வாருங்கள் என்று எழுதமாட்டேன் என்று நீயும் பதில் எழுதியிருந்தாய். உன் அந்தக் கடிதம் என் சட்டைப் பையிலேயே இருக்கிறது. லீவு கிடைத்தது. கப்பல் சீட்டும் வாங்கினேன். பெட்டி படகுத்துறை வரைக்கும் போயிற்று. நான்தான் ஏறவில்லை. தந்தி கொடுக்கலாம் என்று தந்தி ஆபீஸ் வாசல் வரை போனேன். ஐந்தாறு வார்த்தையில் எதைச் சொல்வது என்று தெரியாமல் திரும்பிவிட்டேன். கேட்கிறவர்களிடமெல்லாம் பேச்சை மாற்றிக்கொண்டிருக்கிறேன். உன்னிடம் மாற்ற முடியாது.

என் வேலை என்ன என்று உனக்குத் தெரியும். இருந்தாலும் அதைச் சொல்லாமல் மேலே போக முடியவில்லை. மலை உச்சியில் கொடிமரத்தடியில் இருந்து தூரக்கண்ணாடியால் கடலைப் பார்த்து, எந்தத் திக்கில் என்ன கப்பல் வருகிறது என்று கீழே துறைமுக ஆபீசுக்கு டெலிபோனில் சொல்லவேண்டும். சேர்ந்த அன்றைக்குத் துரை ஒரே ஒரு சட்டம்தான் சொன்னார். கண்டதைச் சொல், நினைத்ததைச் சொல்லாதே. புகை தெரிந்தால் புகை என்று சொல், கப்பல் என்று சொல்லாதே. இன்று நாகப்பட்டினக் கப்பல் வரவேண்டிய நாள் என்று உனக்குத் தெரிந்திருந்தால், அதை மறந்துவிட்டுக் கண்ணாடியைத் தொடு என்றார். எனக்கு முன்னால் இருந்தவர், வரவேண்டிய கப்பல் வந்துவிட்டது என்று வேறு எதையோ பார்த்துச் சொல்லி, சரக்குப் படகுகளெல்லாம் வீணாகப் போய்த் திரும்பினவாம். பதினொரு வருஷத்தில் என்மேல் அப்படி ஒரு பேச்சு வந்ததில்லை. மீரா சாகிப் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்பார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. சோற்றில் உப்பு இருக்கிறதா என்று கேட்டால்கூட இரண்டு தரம் வாயில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் சொல்வீர்கள் என்று நீ கேலி செய்வாயே.

லீவு உத்தரவில், பெருநாள் தினத்திலிருந்து மூன்று மாதம் என்று எழுதியிருந்தது. கப்பல் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு. நோன்பு இருபத்தொன்பதோடு முடிந்தால் செவ்வாய்க்கிழமை பெருநாள், காலையில் தொழுகை, மாலையில் நான் கப்பலில். நோன்பு முப்பது ஆகிவிட்டால் புதன்கிழமைதான் பெருநாள். செவ்வாய் முழுவதும் நான் மலைமேல் வேலையில் இருக்கவேண்டும், கப்பல் என் கண்ணெதிரிலேயே போய்விடும். ஒரு நாள் முன்னதாக விடச் சொல்லித் துரையைக் கேட்டுப் பார்த்தேன். எழுதினது எழுதினதுதான் என்றுவிட்டார். ஆகவே இந்த வருஷம் இருபத்தொன்பதாம் நாள் பிறை தெரியவேண்டும் என்று நான் எப்படி வேண்டிக்கொண்டிருப்பேன் என்று பார்த்துக்கொள். ஐந்து வேளையும் அதே துஆதான். தொழுகையில்கூட மனம் மேற்கு வானத்தில்தான் இருந்தது.

ஊருக்குள் நின்றால் மேற்கே இந்த மலை மறைக்கும். அதனால் ஒவ்வொரு வருஷமும் பிறை பார்க்கப் பள்ளிவாசலிலிருந்து மலைமேல் ஆள் அனுப்புவார்கள். திங்கட்கிழமை இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் பள்ளியில் பாங்கு சொல்கிற மோதினார் அப்துல் காதர். இன்னொருவர் தையற்காரர் ஹபீப் முகம்மது. ஐம்பது வயதிலும் மூக்குக்கண்ணாடி இல்லாமல் ஊசியில் நூல் கோக்கிற ஆள் என்று அவரைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அவருக்கோ வரவே இஷ்டமில்லை. கடையில் முப்பத்திரண்டு உருப்படி வெட்டியபடியே கிடக்கிறதாம். இன்னும் ஒரு நாள் கிடைத்தால் எல்லாவற்றையும் தைத்துக் கொடுத்துவிடலாமாம். நோன்போடு மூன்று மணி நேரம் மலையேறின களைப்பிலும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

சூரியன் கடலில் இறங்கிற்று. பேரீச்சம்பழம் வாயில் போட்டு நோன்பு திறந்துவிட்டு மூன்று பேரும் மேற்கே பார்த்தபடி நின்றோம். பத்து நிமிஷம் போல ஒன்றும் இல்லை. பிறகு இரண்டு மேகத்துக்கு நடுவில், வெட்டிப்போட்ட நகம் மாதிரி ஒரு வெள்ளைக் கோடு. கண்டேன் என்று கத்திவிட்டேன். கையை நீட்டிக் காட்டினேன். அப்துல் காதர் என் விரல் போன வழியே பார்த்து, ஆமா, அதோ இருக்கு, அல்ஹம்து லில்லாஹ் என்றார். ஹபீப் முகம்மது பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். எங்கே அண்ணே, எனக்கு மேகம்தானே தெரியுது என்றார். நான் ஓடிப்போய்த் தூரக்கண்ணாடியைத் திருப்புவதற்குள் மேகம் மூடிவிட்டது.

இறங்கி வந்து, பிறை முடிவு சொல்கிற காதியார் முன்னால் நின்றோம். பிறைக்கு இரண்டு சாட்சி போதும். நீர் உம்முடைய கண்ணால் கண்டீரா என்று கேட்டார். கண்டேன் என்று சத்தியம் செய்தேன். நாக்கு கொஞ்சமும் தடுக்கவில்லை. அப்துல் காதரும் செய்தார். ஹபீப் முகம்மது, எனக்குத் தெரியவில்லை என்று மட்டும் சொல்லி ஒதுங்கி நின்றார். கொடிமலைக்காரர் கண்டேன் என்கிறபோது மற்றதை எதற்குப் பேசவேண்டும் என்று காதியார் சொல்லிவிட்டார். ஊர் முழுக்கப் பெருநாள் தக்பீர் முழங்கிற்று.

ஹாஜரா, நான் பொய் சொல்லவில்லை. இதை நீ நம்பவேண்டும். இப்போதும் கண்ணை மூடினால் அந்த வெள்ளைக் கோடு எனக்குத் தெரிகிறது. கண்ணை மூடினாலும் தெரிகிறது என்பதுதான் இப்போது என் சங்கடம்.

பெருநாள் அன்று தொழுதுவிட்டு வெளியே வந்தால், பள்ளிவாசலில் ஹபீப் முகம்மதுவைச் சுற்றி ஆட்கள். சொன்ன நாளில் உடுப்பு கிடைக்காதவர்கள். துணியை முடிக்கிறதற்காக இவர் பிறையையே மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார் என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அவர் முகம் சுண்டிப்போயிற்று. என்னைத் தனியே அழைத்துக்கொண்டு போய், அண்ணே, நான் வேணுமின்னு சொல்லல, எனக்குத் தெரியல, அவ்வளவுதான் என்றார். முப்பது ஆகவேண்டும் என்று உங்களுக்கு ஆசை இருந்ததா என்று கேட்டேன். இல்லாம இருக்குமா, மேலே பார்க்கும்போதுகூட அந்தத் துணியெல்லாம்தான் கண்ணுக்குள்ள நின்னுச்சு, ஆனா அதுக்காக நான் கண்ணை மூடிக்கலையே என்றார். பாவம், உண்மையைச் சொன்னார். நான் அவரைவிட நல்லவனா என்று அப்போதுதான் யோசித்தேன். அவருக்குத் துணி. எனக்கு நீ.

மாலையில் படகுத்துறைக்குப் போனேன். வழியனுப்ப அப்துல் காதர் வந்திருந்தார். அவரிடம் ஒன்று கேட்டேன். நான் விரல் நீட்டியிருக்காவிட்டால் உங்களுக்குப் பிறை தெரிந்திருக்குமா என்று. நீங்க காட்டினதாலதானே பார்த்தேன், நீங்க சொன்னா தப்பாவா இருக்கும் என்று சிரித்தார். இரண்டு சாட்சி என்று காதியார் எண்ணியது ஒரே சாட்சிதான். அவர் பிறகும் சிரித்துக்கொண்டே, நீங்க பிறையைக் கண்டீங்க, பிறை உங்களைக் கப்பல்ல ஏத்திவிட்டுடுச்சு என்றார். விகற்பமில்லாமல் சொன்ன பேச்சு. படகுக்காரர் என் பெட்டியைத் தூக்கினார். வேண்டாம், இறக்கிவிடு என்றேன்.

வழக்கு மன்றத்தில் சாட்சி சொல்லி அதனால் லாபம் அடைகிறவனை என்ன சொல்வோம்? ஊர் முழுவதும் என் கண்ணை நம்பி ஒரு நோன்பை விட்டுவிட்டது. அன்று ரமலான் முப்பதாக இருந்தால் ஆயிரக்கணக்கான பேர் பகலில் சாப்பிட்டது என் தலையில். அந்தக் கப்பலில் நான் ஏறி உட்கார்ந்தால், பிறையை உனக்காகத்தான் கண்டேன் என்று நானே கையெழுத்துப் போட்டது மாதிரி ஆகிவிடும் என்று பட்டது. ஏறாமல் இருந்தாலாவது என் சாட்சி சுத்தமாக இருக்கட்டும் என்று நினைத்தேன்.

அன்று மாலை இரண்டாம் பிறை பார்த்தால் விஷயம் தெளிந்துவிடும் என்று கடற்கரைத் திடலில் மலை மறைக்காத ஓரமாகப் போய் நின்றேன். முதல் நாளே பிறந்திருந்தால் இரண்டாம் நாள் பிறை உயரத்தில் தடித்துத் தெரியவேண்டும். எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் என்ன பிரயோஜனம்? பார், எவ்வளவு தடிமன், நேற்றைய பிறைதான் என்று பாதிப் பேர். இழை மாதிரி இருக்கிறதே, இன்றைக்குத்தான் பிறந்திருக்கிறது என்று பாதிப் பேர். முதல் பாதி நல்ல சட்டை போட்டவர்கள், இரண்டாம் பாதி சட்டை கிடைக்காதவர்கள் என்று எனக்கு ஒரு எண்ணம். ஒரே பிறை, நூறு கண். எனக்குத் தடிமனாகத்தான் தெரிந்தது. அதனால்தான் நம்பவில்லை. அதே நேரத்தில் நாகப்பட்டினக் கப்பல் வடக்கு வாயில் வழியாக விளக்கோடு போய்க்கொண்டிருந்தது. அதையும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

துறைமுக ஆபீஸ் கிளார்க் விநாசித்தம்பியைப் பற்றி எழுதியிருக்கிறேன் அல்லவா, யாழ்ப்பாணத்துக்காரர், டெலிபோனில் என் குரலைப் பதினொரு வருஷமாகக் கேட்கிறவர். அவரிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னேன். நீர் விசர்க்கதை கதைக்கிறீர் என்றார். ஆசையில்லாத ஆள்தான் சாட்சி சொல்லவேண்டும் என்றால் படகுத்துறைக் கம்பத்தைத்தான் கூண்டிலே ஏற்றவேணும் என்றார். பிறகு, மற்றக் கப்பல்களைவிட நாகப்பட்டினக் கப்பலை மட்டும் நீர் அரை மணித்தியாலம் முந்திச் சொல்லுகிறீர், அது ஏன் என்று யோசித்ததுண்டோ, அதிலே உமக்குக் கடிதம் வருகுது, ஆசை இருக்கிறபடியால்தான் உமது கண் கூர்மை என்றார். கப்பல் என்றால் துறைமுகத்துக்கு வந்து நின்று, நான் சொன்னது சரியா தப்பா என்று காட்டிவிடும். பிறை எந்தத் துறைமுகத்துக்கும் வருவதில்லையே என்று மட்டும் சொன்னேன்.

அவர் சொன்னதிலிருந்து எனக்கு வேலையே ஓடவில்லை. கண்ணாடியில் எதைப் பார்த்தாலும், இது இருக்கிறதா, இருக்கவேண்டும் என்று நான் நினைக்கிறேனா என்று இரண்டாம் தரம் பார்க்கிறேன். புகையைப் புகை என்று சொல்லக்கூட நேரமாகிறது. மனிதனாகப் பிறந்தவன் ஒரு பக்கமும் சாயாமல் ஒரு பொருளைப் பார்க்க முடியுமா? முடியும் என்று பதினொரு வருஷம் சம்பளம் வாங்கியிருக்கிறேன்.

அடுத்த கப்பலில் வரலாமே என்று கேட்பாய். லீவை ராமசாமிக்குக் கொடுத்துவிட்டேன். அவனும் கொடிமரத்து ஆள்தான், மூன்று வருஷமாக ஊருக்குப் போகவில்லை. அந்த லீவும் அந்தப் பிறையோடு வந்தது என்று தோன்றியதால் கையில் வைத்திருக்கப் பிடிக்கவில்லை. இனி என் முறை வர ஒரு வருஷம் ஆகும். அவன் கையில்தான் இந்தக் கடிதத்தையும், உனக்கு ஒரு ஜாவாக் கைலியும், ஜாதிக்காய் ஊறுகாய் இரண்டு ஜாடியும் கொடுத்தனுப்புகிறேன். கைலியின் கரை உனக்குப் பிடிக்கும் நிறம் என்று எடுத்தேன். கடைக்காரர் பச்சை என்றார், எனக்கு நீலமாகப்பட்டது.

நம் பிள்ளை காசிமைப் பற்றி ஒரு வரிகூட எழுதுவதில்லை என்று போன கடிதத்தில் குறைப்பட்டிருந்தாய். எழுத வரவில்லை ஹாஜரா. அந்த வாந்திபேதி வருஷத்தில் உன் தம்பி எழுதிய கடிதம் வந்தது. படித்தேன். பெட்டியில் வைத்தேன். அதற்குமேல் அதைப் பற்றி நான் கண்டது ஒன்றும் இல்லை, சொல்லவும் ஒன்றும் இல்லை. நீ ஓதும்போது என் பங்குக்கும் சேர்த்து ஓது.

உன்னை நினைக்காமல் ஒரு பொழுது இறங்குவதில்லை. ஆறு வருஷமாகிவிட்டது. நீ முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கதவின் ஒரு பலகைக்குப் பின்னால் நின்று, போய் வாருங்கள் என்று சொல்லாமல், சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடுங்கள் என்று சொன்னது காதில் இருக்கிறது. முகம் சில நாள் தெளிவாக வருகிறது, சில நாள் வருவதில்லை. வராத நாளில் வேலையில் பிழை செய்துவிடுவேனோ என்று பயமாயிருக்கிறது.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அங்கே நாகூரில் பிறை எந்த மாலையில் கண்டார்கள்? திங்கட்கிழமையா, செவ்வாய்க்கிழமையா? நீ கண்டாயா, யாராவது சொல்லிக் கேட்டாயா? கண்டதைக் கண்டபடி எழுது. அது வருகிறவரைக்கும் எனக்குத் தூக்கம் இல்லை. விட்ட நோன்புக்கு ஈடாக நான் ஒரு நோன்பு வைத்துவிட்டேன். ஊருக்காக யார் வைப்பது என்றுதான் தெரியவில்லை. என்மேல் கோபப்படு, ஆனால் எழுதாமல் இருந்துவிடாதே. ஆண்டவன் உன்னை என் கண்ணுக்குக் காட்டுகிற நாளை அவனிடமே ஒப்படைத்திருக்கிறேன்.

உன்னை மறவாத,
மீரா சாகிப்.


786

நாகூர்,
1913 செப்டம்பர் 28, ஷவ்வால் மாதம்.

என் மச்சான் அவர்கள் சமூகத்துக்கு, ஹாஜரா ஸலாம் சொல்லி எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். இதை வழக்கமாக எழுதிக் கொடுப்பவரிடம் சொல்லி எழுதவில்லை. இது ஊரார் காதுக்குப் போகிற பேச்சு இல்லை. அரபு எழுத்தில் எழுதுகிற, எனக்குத் தெரிந்த அரபுத் தமிழில் நானே எழுதுகிறேன். பிழை இருந்தால் இரண்டு தரம் பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள், உங்களுக்கு அது பழக்கம்தானே.

ராமசாமி வந்து எல்லாவற்றையும் கொடுத்துவிட்டுப் போனார். வாசலில் நின்றே பேசினார், மரியாதையான பிள்ளை. ஊறுகாய் ஒரு ஜாடி வழியில் உடைந்துவிட்டது. கைலி பச்சைதான்.

பிறை இங்கே எந்த மாலையில் கண்டார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். அதை நான் எழுதப்போவதில்லை. நானும் மாடியில் நின்றேன், எனக்குத் தெரியும். ஆனால் திங்கள் என்று எழுதினால், இவளுக்கு என்மேல் ஆசை, அதனால் எழுதுகிறாள் என்பீர்கள். செவ்வாய் என்று எழுதினால் அதைக் கட்டிக்கொண்டு இன்னும் நாலு வருஷம் அங்கேயே இருப்பீர்கள். வேண்டுமானால் வந்து கேட்டுக்கொள்ளுங்கள்.

தந்தியில் எதைச் சொல்வது என்று திரும்பிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். வரவில்லை என்று ஒரு வார்த்தை போதும். அந்த ஒரு வார்த்தை இல்லாமல், கப்பல் வந்த அன்று தம்பியைக் கூட்டிக்கொண்டு கூண்டு வண்டியில் நாகப்பட்டினம் கடற்கரைக்குப் போனேன். காலையிலிருந்து மாலை அசர் தொழுகைக்குப் பிறகு வரைக்கும். படகு படகாக ஆட்கள் இறங்கினார்கள். திரையை விலக்கிப் பார்த்தபோது முதல் படகில் நீங்கள் இருந்தீர்கள். தோளைச் சாய்த்துக்கொண்டு நடக்கிற அதே நடை. தம்பியை ஓடச் சொன்னேன். போய்ப் பார்த்தால் வேறு யாரோ. மூன்றாம் படகிலும் நீங்கள் இருந்தீர்கள். கடைசிப் படகிலும் இருந்தீர்கள். மூன்று தடவையும் நான் உங்களைக் கண்ணால் கண்டேன் மச்சான். காதியார் கேட்டிருந்தால் சத்தியம் செய்திருப்பேன். அதற்காக எனக்கு வெட்கமும் இல்லை, பாவம் என்று தௌபா கேட்கவும் இல்லை. கடைசியில் தம்பிதான் வண்டியைத் திருப்பச் சொன்னான்.

உங்கள் கடிதத்தை நாலைந்து தடவை படித்தேன். நீங்கள் நல்லவர், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. பொய் சொல்கிறவராக இருந்தால் சண்டையாவது போடலாம். முதல் தடவை வரவில்லை, மாற்று ஆளுக்குக் காய்ச்சல் என்றீர்கள், நிஜம். அடுத்த தடவை புதுத் தூரக்கண்ணாடி பொருத்துகிறார்கள், விட்டுவிட்டு வரமுடியாது என்றீர்கள், அதுவும் நிஜம். அதற்கடுத்த தடவை துரை மாறிவிட்டார். இப்போது பிறை. நாலு தடவையும் காரணம் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த அடுத்த கப்பலுக்கும் பிறைக்கும் என்ன சம்பந்தம்? திங்கட்கிழமை கண்டிருந்தாலும் காணாவிட்டாலும் அந்தக் கப்பல் வந்தே இருக்கும். அதில் ஏறினால் யாரும் உங்களை ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். லீவை எதற்கு ராமசாமிக்குக் கொடுத்தீர்கள்?

பிறையைக் காணவேண்டும் என்று உங்களுக்கு ஆசை இருந்ததைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டீர்கள். ஊருக்கு வராமல் இருக்கவேண்டும் என்றும் ஓர் ஆசை இருக்கிறதா என்று தேடிப் பார்த்தீர்களா? கோபித்துக்கொள்ளாதீர்கள். நான் தேடிப் பார்த்தேன், எனக்குத் தெரிந்தது. காசிம் போன பிறகுதான் இந்த நாலு காரணமும் வந்திருக்கிறது. நீங்கள் கடைசியாகப் பார்த்தபோது அவன் உங்கள் வண்டிக்குப் பின்னால் தெருமுனை வரை ஓடினான். உங்களுக்கு அவன் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறான். கண்டதை மட்டும் சொல்வேன் என்கிற நீங்கள், காணாமல் இருக்க வழி தேடுகிறீர்கள். வந்துவிட்டால் கண்டே ஆகவேண்டுமே.

எனக்கு அது புரிகிறது. புரிந்தாலும் வலிக்கிறது. இந்த வீட்டில் அவனை நினைக்க நான் ஒருத்திதான் இருக்கிறேன். இரண்டு பேர் சேர்ந்து அழவேண்டியதை நாலு வருஷமாகத் தனியாக அழுகிறேன்.

இதுவரை உங்களுக்கு எழுதாத ஒன்றை எழுதுகிறேன். அடக்கம் செய்கிற மையவாடிக்குள் பெண்கள் போவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். அவனை எடுத்துக்கொண்டு போனபோது நான் வாசலோடு நின்றுவிட்டேன். இப்போதும் வியாழக்கிழமைதோறும் போய், சுவருக்கு வெளியே நின்று ஓதிவிட்டுத் திரும்புகிறேன். எந்த இடம் என்று எனக்குத் தெரியாது. முதல் தடவை தம்பி சுவருக்கு மேலே கையை நீட்டி, அதோ அந்த வேம்புக்குப் பக்கத்தில் என்று காட்டினான். நான் எக்கிப் பார்த்தேன். தெரிகிறதா என்று கேட்டான். தெரிகிறது என்றேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை மச்சான். இலைதான் தெரிந்தது. அவன் மனம் நோகக்கூடாது என்று சொன்னேன். அதற்குப் பிறகு எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். நன்றாக இருக்கிறது அக்கா, சுத்தமாக இருக்கிறது அக்கா என்பான். என் மனம் ஆறுவதற்காகச் சொல்கிறான் என்பது அவன் குரலிலேயே தெரியும்.

அதனால்தான் கேட்கிறேன். இனிமேல் வாருங்கள் என்று எழுதமாட்டேன் என்று சொன்னதை நான் விட்டுவிடுகிறேன். லீவு கிடைத்தால் லீவில் வாருங்கள், கிடைக்காவிட்டால் வேலையை விட்டுவிட்டு வாருங்கள். பயமாக இருந்தால் பயத்தோடேயே வாருங்கள். வந்து ஒரு நாள், நான் சுவருக்கு வெளியே நிற்கிறேன், நீங்கள் உள்ளே போங்கள். மண் எப்படி இருக்கிறது, புல் முளைத்திருக்கிறதா, மழைத் தண்ணீர் தேங்குகிறதா, தலைமாட்டுக் கல் நேராக நிற்கிறதா, எவ்வளவு நீளம் என்று பார்த்து வந்து என்னிடம் சொல்லுங்கள். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். உங்களுக்கு அழுகை வந்தாலும் வரட்டும், அதற்காக நீங்கள் சொல்வதை நான் நம்பாமல் இருக்கமாட்டேன்.

என் பிள்ளை இருக்கிற இடத்தைக் கண்டு வந்து எனக்குச் சொல்ல, உங்களை விட்டால் எனக்கு யாரும் இல்லை.

ஹாஜரா.